ஆட்டோ ஏசி ஏன் அடம்பிடிக்கிறது?

கேள்வி (மதுரை வாசகர்): பழைய காரில் ஏசிக்கு இரண்டே திருகுகள், திருகினால் குளிர்ந்தது. புதிய காரில் 24 டிகிரி வைத்து ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால், உச்சி வெயிலிலேயே ப்ளோயரின் வேகம் தணிந்துவிடுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. 19-க்கு இறக்கினால்தான் உட்கார முடிகிறது. சர்வீஸ் சென்டரில் இருமுறை காட்டியும், ‘கேஸ் சரியாக இருக்கிறது, கோளாறு எதுவும் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். தவறு எங்கே?

பதில்: 19-க்கு இறக்கியதும் குளிர்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், குளிரூட்டும் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, எவ்வளவு குளிர் தேவை என்று கணக்கிடும் பகுதிக்குத்தான் தவறான தகவல் போகிறது. பழைய காரில் குளிர் போதுமா போதாதா என்று முடிவு செய்தது உங்கள் உடம்பு. ஆட்டோ ஏசியில் அந்த வேலை சென்சார்களுக்குப் போய்விட்டது. முன்பம்பருக்கு அருகில் இருக்கும் ஒன்று வெளி வெப்பத்தையும், ஸ்டியரிங்கை ஒட்டிய சிறு துளைகளுக்குப் பின்னால் இருக்கும் இன்னொன்று உட்புறக் காற்றின் வெப்பத்தையும் அளக்கின்றன. டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக மேடிட்டிருக்கும் மூன்றாவது சென்சார் வெயிலின் கடுமையைப் பார்க்கிறது. பல கார்களில் இருக்கும் ஏற்பாடு இதுதான்.

நம் ஊர்க் கார்களில் அந்த மூன்றாவது சென்சாரின் பக்கத்தில்தான் பிள்ளையார் எழுந்தருளியிருப்பார். அவருக்குக் கீழே டாஷ்போர்டு முழுவதையும் மூடிய கம்பள விரிப்பு ஒன்றும் இருக்கும். சென்சார் இருட்டில் இருப்பதால், வெளியே கத்திரி வெயில் கொளுத்தினாலும் மேகமூட்டம் என்றே கட்டுப்பாட்டுப் பெட்டி நினைத்துக்கொண்டு ப்ளோயரைத் தணித்துவிடுகிறது. என் உறவினர் ஒருவரின் காரில் இதே குறை இருந்தது. விரிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக வெட்டி, பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தோம். சில நிமிடங்களில் ப்ளோயரின் சத்தம் கூடியது. நீங்களும் வெயிலில் வண்டியை நிறுத்தி, ஆட்டோவில் ஓடவிட்டு, அந்த மேட்டை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். வெயிலின் கணக்கு மெதுவாகத்தான் மாறும் என்பதால், சில நிமிடங்களாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். மூடியதும் ப்ளோயர் தணிந்தால், அந்தச் சென்சார் வேலை செய்கிறது என்று பொருள்.

அது சரியாக இருந்தால், உட்புறச் சென்சாரைக் கவனியுங்கள். அந்தத் துளைகள் வழியாகச் சிறு விசிறியோ உறிஞ்சு குழாயோ உள்காற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ளோயர் வேகமாக ஓடும்போது டிஷ்யூ காகிதத் துணுக்கு ஒன்றை அங்கே காட்டினால், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். வென்ட்டில் மாட்டிய கைப்பேசித் தாங்கி குளிர்காற்றை அந்தத் துளைகளின் பக்கம் திருப்பிவிட்டாலும் இதே குழப்பம் நேரும். சென்சாருக்குச் சில்லென்று இருப்பதால், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று கார் கருதிவிடுகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தொடைமேல் வெயில் சுட்டால், அதற்கு ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்புறச் சென்சார் அளப்பது காற்றின் வெப்பத்தை. கண்ணாடி வழியே நேராக உடம்பில் விழும் வெயிலை அன்று. கண்ணாடியை இஷ்டத்துக்குக் கறுப்பாக்கவும் முடியாது. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. 24-தான் சரியான எண் என்று யாரும் சட்டம் போடவில்லை. பகலில் 22 வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

கேள்வி (வேலூர் வாசகர்): வெயிலில் நின்ற காரில் ஏறியதும் 16 வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பதில்: பெரும்பாலும் குளிராது. உள்ளே 50 டிகிரி கொதிக்கும்போது, 16 வைத்தாலும் 24 வைத்தாலும் ஏசி முழு வலுவில்தான் ஓடும்; எந்த இடத்தில் தணிய வேண்டும் என்பதில் மட்டுமே வேறுபாடு. கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஏற்றுவதே மேல்.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஊட்டிக்கு ஏறும்போது ஏசியிலிருந்து வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோலச் சூடான காற்று வந்தது. கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. பழுதா?

பதில்: பழுதில்லை, கீழ்ப்படிதல். நீங்கள் 24 கேட்டிருக்கிறீர்கள். வெளியே 12 அல்லது 13 இருந்திருக்கும். எஞ்சினின் சூடான நீர் ஓடும் ஹீட்டர் வழியாகக் காற்றைத் திருப்பி, கார் உங்களுக்கு 24-ஐக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 1964-இல் கேடிலாக் நிறுவனம் ‘கம்ஃபர்ட் கன்ட்ரோல்’ என்ற பெயரில் இந்த வசதியை முதன்முதலில் கொண்டுவந்தபோதே, கோடைக்கும் பனிக்காலத்துக்கும் ஒரே எண் போதும் என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. ஹீட்டரை ஆண்டு முழுவதும் தொடாத நமக்கு அது கோளாறாகத் தெரிகிறது. மலையில் 18-க்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): மழை நாட்களில் முன்கண்ணாடி மங்கிவிடுகிறது. ஆட்டோவில் இருந்தும் இது ஏன்? சில நேரம் துடைத்தாலும் போவதில்லை.

பதில்: துடைத்தும் போகவில்லை என்றால், நீங்கள் தவறான பக்கத்தைத் துடைக்கிறீர்கள். இது இரண்டு வகை. நனைந்த உடையோடு நால்வர் ஏறி, உள்காற்றே சுழன்றுகொண்டிருந்தால், ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். அப்போது ஏசியை அணைக்காமல் வெளிக்காற்றைத் திறந்து, காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்ப வேண்டும். ஏசியை அணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு; காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பதே கூலிங் காயில்தான். இரண்டாவது வகை புழுக்கமான அதிகாலையில் வருவது. மோர்ச் சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோப்பதுபோல, ஏசியால் சில்லிட்ட கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். அதற்கு வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள்; கண்ணாடியின் பக்கம் போகும் குளிர்காற்றை நிறுத்தி, வெப்பநிலையை இரண்டு டிகிரி உயர்த்துங்கள். எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால், உள்ளிருந்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் உட்புறம்.

கேள்வி (திருச்சி வாசகர்): லாரிப் புகைக்குப் பயந்து உள்காற்றுப் பொத்தானை அழுத்துகிறேன். சிறிது நேரத்தில் அதுவே வெளிக்காற்றுக்கு மாறிவிடுகிறது. எனக்குத் தெரியாதது காருக்கு என்ன தெரியும்?

பதில்: இரண்டு விஷயம் தெரியும். மூடிய காரில் நாம் விடும் மூச்சால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போய், நெடும்பயணத்தில் ஓட்டுநருக்குத் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும், கண்ணாடியும் மங்கும். இவற்றைத் தடுக்கவே சில கார்கள் வெளிக்காற்று வரும் வழியைத் தாமாகத் திறந்துவிடுகின்றன. ஆனால் உங்கள் எரிச்சலில் நான் உங்கள் பக்கம்தான். குப்பை மேட்டைக் கடக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் யார் எதை முகர வேண்டும் என்பதை ஓட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். எஞ்சினை அணைத்துப் போடும்போதெல்லாம் அந்தத் தேர்வை மறந்துவிடும் கார்களுக்குச் சாக்கே கிடையாது. நெடுஞ்சாலையில் மட்டும், அரை மணிக்கு ஒருமுறை நீங்களே சில நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): சிக்னலில் நின்றால் ஏசி வெறும் காற்றாக வருகிறதே?

பதில்: எரிபொருள் சேமிப்பதற்காக எஞ்சின் தானாக நிற்பதால், அதன் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடுகிறது. அந்த வசதியை அணைக்கப் பொத்தான் இருந்தால் கோடையில் அணைத்துவிடுங்கள். மின்கார்களில் கம்ப்ரஸர் பேட்டரியில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ப்ளோயரைக் குறைக்கக்கூடத் தொடுதிரையில் மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது. இது முன்னேற்றமா?

பதில்: இல்லை. திருகைக் கண்ணால் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும். திரையைப் பார்த்தே தீர வேண்டும். 2026 முதல் முழு மதிப்பெண் பெற, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்று ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனை கேட்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு ஏமாற்றமே. உங்கள் காரில் குரல் கட்டளை இருந்தால் பழகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், வண்டியை எடுக்கும் முன்பே ப்ளோயரின் வேகத்தை வைத்துவிடுங்கள். ‘ஆட்டோ’ விளக்கு அணையும். ஆனால் பல கார்களில் வெப்பநிலையை மட்டும் கார் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும்.