பூனைக்காலி விதைய கோழிக்கு போடலாமா?

கேள்வி: அண்ணே, உசிலம்பட்டி பக்கம் எங்க தோட்டத்து வேலில பூனைக்காலி ஏகமா காய்ச்சு கிடக்கு, தீவனம் விக்கிற விலைக்கு அத நாட்டுக்கோழிக்கு போடலாமா?

பதில்: பச்சையா மட்டும் போட்றாதீங்க தம்பி. புரதம் 25 சதவீதம் போல இருக்கு, ஆசை வரத்தான் செய்யும், ஆனா அதுலயே எல்-டோபான்னு ஒரு நஞ்சும் இருக்கு, கூடவே புரதத்த செரிக்க விடாத ட்ரிப்சின் தடுப்பானும் இருக்கு, கோழி எடை ஏறாது, முட்டையும் குறைஞ்சிரும். தடுப்பான் சூட்டுல போயிரும், எல்-டோபா தண்ணில கரைஞ்சு வெளியேறணும், அதனால விதைய உடைச்சு ரெண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணிய மாத்தி மாத்தி கொட்டிட்டு, ஒரு மணி நேரம் வேகவச்சு அந்தத் தண்ணியையும் கொட்டிருங்க (மாட்டுத் தொட்டில ஊத்திராதீங்க). காயவச்சு கம்பு, மக்காச்சோளத்தோட கொஞ்சமா கலந்து பெரிய கோழிக்கு மட்டும் குடுங்க. குஞ்சுக்கு வேணவே வேணாம். காய் பறிக்கிறப்ப அது மேல இருக்க அரிக்கிற சொணை படாம கைய மூடிக்கங்க.