பைக் ஹெட்லைட்டில் எச்ஐடி பல்பு மாட்டலாமா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு ராத்திரி வண்டி ஓட்ட வெளிச்சம் பத்தவில்லை, எச்ஐடி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

35 வாட் எச்ஐடி சுமார் 3000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். 55 வாட் ஹாலோஜனைப்போல இரண்டு மடங்கு. ஆனால் எச்ஐடியில் இழை கிடையாது, வாயுவுக்குள் மின்பொறி எரிகிறது. உங்கள் ரிஃப்ளெக்டரோ ஹாலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. பொறி மயிரிழை தள்ளியிருந்தாலும் வெளிச்சம் சிதறும். வீட்டு வெள்ளைச் சுவருக்கு எதிரே ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள் (வழவழவென்ற செட்டிநாட்டுச் சுவர் இதற்கென்றே கட்டியது போல இருக்கும்). ஹாலோஜனில் ஒளியின் மேல்விளிம்பு ஓரளவு தெளிவாகத் தெரியும். எச்ஐடியில் சுவர் முழுக்க வெளுத்துவிடும். மேலே ஏறுகிற அந்த வெளிச்சம்தான் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது.

அப்புறம், எச்ஐடி பல்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தருகிற பேலஸ்ட் என்ற பெட்டிக்கு டிசி மின்சாரம் வேண்டும். ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்குகிற பழைய வண்டிகளில் எஞ்சினோடு ஓடி மின்சாரம் தருகிற காயிலிலிருந்து நேராக ஏசி வரும், ஒத்துவராது. போட்டதும் முழு வெளிச்சம் வரவும் சில வினாடி ஆகும்.

முதலில் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். என் வண்டியில் மங்கிப்போனதை மாற்றி, அதே வாட்டில் புது ஹாலோஜன் போட்டதிலேயே பாதிக் குறை தீர்ந்தது.