ரக்பி பிறந்தது இங்கிலாந்தில். ஐரோப்பிய ரக்பி அமைப்பு மட்டும் பாரிஸில் தொடங்கியது ஏன்?

சண்டைதான் காரணம். 1931இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் பிரான்ஸுடன் ஆடமாட்டோம் என்று ஒதுக்கிவிட்டன. பிரெஞ்சு கிளப்புகள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுக்கின்றன, களத்தில் அடிதடி அதிகம் என்பது குற்றச்சாட்டு. அன்று காசுக்கு ஆடுவது பெரும் பாவம்!

சரி, ஆட எதிரணி வேண்டுமே. ஜெர்மனி, இத்தாலி, ருமேனியா போன்ற நாடுகளைச் சேர்த்துக்கொண்டு 1934இல் 'ஃபிரா' என்ற சர்வதேச ரக்பி கூட்டமைப்பை பிரான்ஸ் அமைத்தது. 1947இல் அந்த நான்கு நாடுகளோடு ஆடும் 'ஐந்து நாடுகள்' போட்டிக்கு பிரான்ஸ் திரும்பிய பிறகும் ஃபிரா கலையவில்லை. பிற்காலத்தில் மொராக்கோ, துனிசியா அணிகள்கூட அதன் போட்டிகளில் ஆடின. சிறிய நாடுகளுக்கு ஃபிரா செய்த உதவி பெரிது என்பேன்.

அப்புறம் 1999இல் அது ஐரோப்பாவுக்கான அமைப்பாகச் சுருங்கியது. 2014இல் 'ரக்பி யூரோப்' ஆனது. இத்தாலியும் சேர்ந்தபின் 'ஆறு நாடுகள்' ஆகிவிட்ட அந்தப் பழைய போட்டி இன்றும் அதன் கையில் இல்லை.