மருத்துவத்தில் முன்னோடியாக இருந்து, நல்ல தாயாகவும் வாழ்ந்த பெண் என்று யாரைச் சொல்வீர்கள்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எனக்கு யோசிக்காமல் வரும் பெயர் இதுதான். அதற்கு என் வேலையும் ஒரு காரணம். கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். அவர் பெயர் காதில் விழாமல் ஒரு நாள் போவது அபூர்வம். "சிஸ்டர், முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?" என்றுதான் எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகள் பேச்சையே ஆரம்பிப்பார்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், "எங்க அம்மா ஊர்ல இந்தப் பணமே கிடையாதே, யாரு சிஸ்டர் இந்த அம்மா? பெரிய பணக்காரங்களா?" என்று கேட்டாள். தென்பெண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி வந்துவிடும், அங்கே இந்தத் திட்டம் இல்லை. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வாட்ஸ்அப்பில் அவரை "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்" என்று போட்டு அனுப்புகிறார்கள். தப்பு. மராட்டியத்து ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் படித்து மருத்துவப் பட்டம் வாங்கியது 1886-ல். அதே வருஷம் ஜூலை 30-ல்தான் முத்துலட்சுமி புதுக்கோட்டையில் பிறக்கிறார். இந்த "முதல்" பட்டம் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி தேவதாசியாக்கும் மரபுள்ள சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கி வைத்தார்கள். பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு வீட்டில் தொடர்ந்தது. பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்க வேண்டும் என்பது அம்மாவின் கவலை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு, மகளுக்கு ஒரு தாலி ஏறினால் போதும் என்று இருந்திருக்காதா?

பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சரி என்று சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. அப்புறம் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பதக்கங்களோடு பட்டம், எழும்பூர் மருத்துவமனையில் வேலை. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

கல்யாணம்தான் எனக்குப் பிடித்த இடம். டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டு வந்தபோது, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் 1914-ல் அவரை மணந்துகொண்டார். இன்றைக்கும் எங்கள் ஊரில் நிச்சயதார்த்தத்தில் சவரன் கணக்கு பேசுகிறார்கள், பெண் வேலைக்குப் போவாளா என்பதை மாப்பிள்ளை வீட்டார் தீர்மானிக்கிறார்கள். இவரோ நூறு வருஷத்துக்கு முன்னால் பேச வேண்டியதைத் தாலிக்கு முன்பே பேசி முடித்துவிட்டார். "குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளித்தார்?" என்று கேட்பவர்களுக்கு பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது என்பேன்.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பையன்கள். 1925-ல் மேல்பயிற்சிக்காக அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது. சின்னவனுக்கு அப்போது ஆறு வயதுதான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவும் இல்லை, பிள்ளைகளுக்காகப் பயணத்தை விடவும் இல்லை. கணவரையும் பையன்களையும் கூட்டிக்கொண்டே கப்பல் ஏறினார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் தங்கையைப் பறிகொடுத்திருந்தார். மலக்குடல் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள், உண்மை தெரிவதற்குள் முற்றிவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் இப்படி. மலத்தில் ரத்தம் போகிறது என்று சொல்லிவிட்டு, "மூலமா இருக்கும் சிஸ்டர்" என்று தாங்களே முடிவும் சொல்லிவிடும் அம்மாக்களிடம் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன். ஊசிக்கு பயப்படுகிறவர்கள்கூட இதற்கு அசைந்து கொடுப்பார்கள்.

1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார், துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வானார். பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராக அங்கே அவர் போராடியது பலருக்கும் தெரியும். அதை எப்படிச் செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கோயில் ஊழியத்துக்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அந்த பயத்தில்தான் அடுத்த பெண்ணுக்கும் பொட்டுக் கட்டினார்கள். 1929-ல் வந்த சட்டம் ஊழியத்தையும் நிலத்தையும் பிரித்தது: ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் 1947-ல்தான் வந்தது. முதலில் சோற்றுக்கு வழி, பிறகு தடை. பெண்களை வெறுமனே "மீட்க" கிளம்பியவருக்கு இந்த வரிசை தோன்றியிருக்காது. சந்திரம்மாள் பெற்ற பெண்ணுக்குத் தோன்றியது.

காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் சட்டசபைப் பதவியை உதறினார். அந்தக் காலகட்டத்தில்தான் பொட்டுக் கட்டும் குடும்பங்களிலிருந்து வெளியேறிய மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்க்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். இரண்டு பையன்கள் வளரும் வீட்டுக்குள் அந்தப் பெண்களைச் சேர்த்ததற்கு அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும் என்று நம் ஊரை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

தங்கை போன துக்கம் ஆறவே இல்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் சொன்னார். கேன்சர் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. விடாமல் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அது திறந்தபோது அவருக்கு வயது 67. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் புற்றுநோய் மையம் வருவதற்கு முன்னால் எங்கள் மாவட்டத்து நோயாளிகளுக்கும் அடையாறுதான் கதி. இப்போதும் அங்கேதான் போவேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் சின்ன மகனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கிருஷ்ணமூர்த்தி அறுவை சிகிச்சை மருத்துவர். எங்கே போயிருந்தாலும் நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அம்மா ஆரம்பித்த அந்த 12 படுக்கை மருத்துவமனைக்கே வந்தார். 1955-ல் புற்றுநோய் மருத்துவர் டாக்டர் சாந்தா அவரோடு சேர்ந்தார். 1968 ஜூலை 22-ல் அம்மா காலமான பிறகும் அவர் அங்கிருந்து நகரவில்லை. 2010-ல் இறக்கும் வரை அந்த மருத்துவமனையோடுதான் இருந்தார். நல்ல தாயாகவும் இருந்தாரா என்ற கேள்விக்கு வேறு யாருடைய சாட்சியையும் நான் தேடப் போவதில்லை.