சித்தா படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: அம்மாப்பேட்டையில் இரண்டு தறி ஓட்டுகிறேன். மகளுக்குத் தனியார் கல்லூரியில் சித்தா சீட் கிடைக்கும். வீட்டை அடமானம் வைக்கலாமா டாக்டர்? – ஒரு தகப்பன், சேலம்.

பதில்: வீடு வேண்டாம் அண்ணா. நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. ஐந்தரை வருடம் வட்டி ஓடும். நான் செவ்வாய்ப்பேட்டையில் கிளினிக் திறந்த முதல் வருடம், பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலே மனசு நிறையும். வாடகை கொடுத்தபின் திரிபலா சூரணம் வாங்கிய கடைக்குப் பாக்கி நிற்கும். சொந்தக் காலில் நிற்க ஆறு வருடம் ஆனது. ஆனாலும் இந்தப் படிப்பை நான் விடச் சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டை, அரும்பாக்கம் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகவும் குறைவு. கலந்தாய்வில் அவற்றையே முதலில் எழுதட்டும். கிடைக்காவிட்டால் கல்விக் கடன் பாருங்கள். விடுதி, தேர்வுக் கட்டணம் உட்பட மொத்தத் தொகையைக் கல்லூரியில் எழுதி வாங்குங்கள். பயிற்சி வருடத்தில் உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள்.