எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எத்தனாலில் ஏன் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சுகிறது?

வடித்தல் நம்பியிருப்பது ஒரே விஷயத்தைத்தான்: திரவத்தில் இருப்பதைவிட ஆவியில் எத்தனால் அதிகம். எடையில் 10% எத்தனால் உள்ள கலவையைக் கொதிக்கவைத்தால், முதலில் வரும் ஆவியில் ஏறக்குறைய பாதி எத்தனால். ஆரம்பம் அமர்க்களம்தான்! ஆனால் செறிவு ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கி, சாதாரண அழுத்தத்தில் 95.6% வந்ததும் காணாமலே போய்விடுகிறது. ஆவியும் திரவமும் ஒரே விகிதம். அப்புறம் எதைப் பிரிப்பது? இதுதான் கொதிநிலை மாறாக் கலவை. கொதிப்பது 78.2 டிகிரி செல்சியஸில், தூய எத்தனாலுக்கும் (78.4) சற்றுக் கீழே. காரணம், கலவையில் மூலக்கூறுகளின் பிடிப்பு தளர்வதால் அவை எளிதில் ஆவியாகின்றன.

அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தால் இந்தத் தடை மறையும், ஆனால் செலவு அதிகம். ஆலைகளில் பெரும்பாலும் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துளையுள்ள சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: தண்ணீர் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், எத்தனால் நுழையாது.