ஆர்க்கிட் பூட்டி வைத்த ரைக்கன்பாக்: கேள்வி பதில்

கேள்வி: பலனாப்சிஸ் ஷில்லரியானா என்ற ஆர்க்கிட் செடி வாங்கினேன். சீட்டில் பெயருக்குப் பின்னால் 'ஆர்சிஎச்பி. எஃப்.' என்று இருக்கிறதே, கம்பெனிப் பெயரா சார்?

பதில்: இல்லைங்க, செடிக்குப் பெயர் வைத்தவரின் சுருக்கம். ஹைன்ரிக் குஸ்டாவ் ரைக்கன்பாக், ஜெர்மானியர். கடைசியில் வரும் 'எஃப்' லத்தீனில் ஃபிலியஸ், அதாவது மகன். அப்பாவும் பெரிய தாவரவியலாளர், அதனால்தான் இந்த அடையாளம். 'ஷில்லரியானா' என்பது ஹாம்பர்க்கில் ஆர்க்கிட் வளர்த்த ஷில்லர் என்பவரின் பெயரால் வந்தது.

கேள்வி: அவ்வளவு பெரிய ஆளா?

பதில்: 1865இல் இங்கிலாந்தின் ஆர்க்கிட் நிபுணர் லிண்ட்லி இறந்தபின் ஆர்க்கிட்டுக்கு இவர் சொன்னதுதான் தீர்ப்பு. இங்கிலாந்து நர்சரிக்காரர்கள் புதுப் பூ பூத்தால் ஹாம்பர்க்குக்கு அனுப்பிவிட்டுப் பெயருக்குக் காத்திருப்பார்கள். அங்கே தாவரவியல் பூங்காவின் இயக்குநர் இவர்தான். காய்ந்த பூவைத் தாளில் ஒட்டி, பக்கத்திலேயே அதன் உதட்டிதழைக் கையால் வரைந்து வைப்பார். அச்சில் தந்த விவரணையோ பல நேரம் இரண்டு மூன்று வரிதான். அதை வைத்துச் செடியை அடையாளம் காண முயன்றவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

கேள்வி: தன் ஆர்க்கிட் தொகுப்பை யாரும் பார்க்கக் கூடாது என்று உயில் எழுதினாராமே, அந்தக் கதை உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். 1889இல் இறந்தார். இந்தக் காய்ந்த பூத் தாள்களின் தொகுப்பு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போகும் என்று எல்லாரும் நினைத்திருக்க, வியன்னா அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டார். அதுவும் 25 வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு! ஆர்க்கிட் மோகத்தில் தொகுப்பைப் பாழாக்கிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கியூவில் ராபர்ட் ரோல்ஃப் ஆர்க்கிட் நிபுணராக வளர்ந்தது பிடிக்கவில்லை என்பது ஊர் சொன்ன காரணம். எனக்கு ஊர்ப் பேச்சில்தான் நம்பிக்கை.

பாதிப்பு என்னவென்றால், ஒரு பெயர் எந்தச் செடிக்குரியது என்று சந்தேகம் வந்தால் மூல மாதிரியை, அதாவது பெயர் வைத்தபோது பயன்படுத்திய காய்ந்த செடியைத்தான் பார்க்க வேண்டும். அது பெட்டிக்குள். 1914 வரை மற்றவர்கள் ஊகத்தில் பெயரிட்டார்கள். அவர் ஏற்கெனவே பெயர் வைத்த செடிக்கே மறுபடி புதுப்பெயர் விழுந்தது. முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பதால் பிற்காலத்தில் பலதையும் திருத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: தொகுப்பு இப்போதும் இருக்கிறதா?

பதில்: வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தலைமுறை ஆர்க்கிட் மேதை ஷ்லெக்டருடைய தொகுப்பு 1943இல் பெர்லின் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ரைக்கன்பாக்கின் பல தாள்களை இணையத்திலேயே பார்க்கலாம். கையெழுத்து மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.